ஏறி இறங்காத சத்தம்

இரும்புக் கட்டிலின் கால் சிமென்ட் தரையில் இழுபடும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருப்பூர் நல்லூரில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் யாராவது தீக்குச்சி உரசினால் இந்தப் பக்கம் கேட்கும். காலைச் சமையல் எல்லாம் முடிந்து லைன் முழுக்க அடங்கியிருக்கும் நேரத்தில் பக்கத்து அறைக் கட்டில் திடீரென்று கிறீச்சிடும். யாரோ இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் ஊன்றுவார்கள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு மறுபடி படுக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே. அந்த அறையில் இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் நைட் ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வியாதி நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது வரை படித்தேன். கல்யாணம் ஆயிற்று. அந்தக் கல்யாணத்தில் இருக்க முடியாது என்று ஒரு நாள் வெளியே வந்தேன். அதற்கு முன்பே ஒரு கம்பெனியின் எம்ப்ராய்டரி பிரிவில் வேலை செய்து பஞ்சிங் கற்றிருந்தேன். ஒரு படத்தைக் கொடுத்தால், துணியில் ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கமாக ஓட வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று கணினியில் தையல் தையலாக வரைந்து கொடுக்கும் வேலை அது. கம்பெனி புதுக் கணினிகளுக்கு மாறியபோது பழையவற்றில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். இனி யாருக்குக் கீழேயும் உட்கார வேண்டாம், வீட்டிலிருந்தே சின்ன யூனிட்டுகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணம். ஆனால் வீடு கிடைக்க வேண்டுமே. போன இடத்தில் எல்லாம் "சார் எங்க வேலை செய்யறாருங்க?" என்று கேட்டார்கள். சார் இல்லை என்றதும் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். இந்த அறை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டிப் பஞ்சுக் கழிவுக் குடோன் இருந்ததும், அங்கிருந்து பறக்கும் பஞ்சுக்கு அந்த அறையில் யாரும் தங்காததும்தான். அந்த அறையும் அந்தக் கணினியும் இரண்டும் சேர்ந்ததுதான் என் சுதந்திரம். ஒன்று போனாலும் நான் கம்பெனிக்கோ, வேண்டாம் என்று வந்த வீட்டுக்கோ திரும்ப வேண்டியதுதான்.

பிரச்சினை விசிறியில் இருந்தது. மேலே ஓடுகிற மின்விசிறியைச் சொல்லவில்லை. கணினிக்குள்ளே, மூளை மாதிரி இருக்கும் ப்ராசசரின் தலையில் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அளவு விசிறியைச் சொல்கிறேன். நான் கோடு வரைந்துகொண்டிருக்கும்வரை அது இருக்கும் இடம் தெரியாது. வரைந்ததற்குள் தையலை நிரப்பு என்று கட்டளை கொடுத்தால் ப்ராசசர் மூச்சுப் பிடித்து வேலை செய்யும், சூடாகும், விசிறி மிக்ஸி மாதிரி ஊளையிடும். வேலை முடிந்ததும் சட்டென்று அடங்கும். நாளெல்லாம் இப்படித்தான். சிமென்ட் ஷீட் போட்ட கூரை, சித்திரை வெயில், போதாக்குறைக்குப் பஞ்சு. ப்ராசசர் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு போய் மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும். சூடு வெளியே போக வழியில்லாமல் விசிறி இன்னும் கத்தும்.

ஒரு நாள் பக்கத்து அறை அண்ணன் கதவைத் தட்டினார். கண் இரண்டும் செக்கச் செவேல் என்றிருந்தது. "தங்கச்சி, உள்ள என்ன மிஷினும்மா ஓட்டுத?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான்தான் எதுவும் சொல்லத் தெரியாமல் நின்றேன். புது மனிதர்களிடம் பேச எனக்கு வராது, இன்றைக்கும் வராது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டு ஓனரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரமே ஓனர் வந்தார்.

"ஏனுங் அம்மணி, குடியிருக்கத்தானுங் ரூம் குடுத்தன். கம்பெனி நடத்தறதுக்கு இல்லீங். பக்கத்து ரூம்காரரு தூங்க முடியலீங்கறாரு. மிஷினை நிறுத்துங்க. இல்லீனா அடுத்த மாசம் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

வார்த்தைக்கு வார்த்தை மரியாதைதான். மரியாதையாகவே ஒருத்தியை வெளியே தள்ள எங்கள் ஊர்ப் பேச்சில் முடியும். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆட்டினேன், மாமியார் வீட்டில் ஆட்டினேன், கம்பெனியில் ஆட்டினேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, நிறுத்தவும் மாட்டேன், காலி பண்ணவும் மாட்டேன் என்று கணினியைப் பார்த்துச் சொன்னேன். ஆளைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

சத்தம் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. திருப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு எந்தப் பிரச்சினைக்கும் கை முதலில் துணியைத்தான் தேடும். வெட்டுத்துணிக் கடையில் கனமான இன்டர்லாக் துணி வாங்கி வந்தேன். கணினிப் பெட்டிக்கு அளவெடுத்து, பின்னால் வயர்கள் வருவதற்குக் கழுத்து வைத்து, அதற்கு ரிப் பட்டையும் அடித்து, ஒரு பனியன் தைத்து மாட்டினேன். பிட்டிங் அவ்வளவு அழகாக இருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து விசிறியின் வேகத்தையும் குறைத்து வைக்கச் சொன்னேன். அவர் பனியனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அறை கோயில் மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கணினி மந்தமாக ஓடத் தொடங்கியது. நான் கையை நகர்த்திய பிறகு யோசித்துவிட்டுத்தான் திரையில் அம்பு நகரும். சூடு ஒரு அளவைத் தாண்டினால், குறைத்து வைத்ததையும் மீறி விசிறி ஊளையிட்டு அடங்கும். ஒரு மத்தியானம், மயில் தோகை ஒன்றுக்குக் கண் கண்ணாகத் தையல் நிரப்பிக்கொண்டிருந்தபோது திரை இருண்டது. ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தத்தையும் அணைத்துவிட்டது. பனியனைத் தூக்கிப் பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். பாதி மயில் போயே போய்விட்டது. டிசைனுக்காகக் காத்திருந்த யூனிட்காரர் போனில், "அக்கா, துணிய மிஷின்ல ஏத்தி வெச்சுப்போட்டு ஆளுங்க சும்மா நிக்கறாங்க. முடியாதுன்னா முன்னாடியே சொல்லீருக்கோணுமுங்க" என்றார். அந்த மயிலை வேறு ஒருவர் முடித்துக் கொடுத்தார். இன்னும் இரண்டொரு தடவை இப்படி நடந்தால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கட்டில் கிறீச்சிடுவது மட்டும் நிற்கவில்லை. எனக்கு வந்த கோபம் அதுதான். உனக்காக என் மிஷினை மூச்சு முட்ட வைத்திருக்கிறேன், இன்னும் என்னய்யா உனக்கு?

புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்த ஒரு நாள், குடத்தோடு குழாயடிக்குப் போன அண்ணன் என் அறை வாசலில் நின்றுவிட்டார். பனியனைப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்குச் சட்ட போட்டு விட்டிருக்க? இந்த வெயில்ல அதுக்கு வேர்க்காதா?"

"நீங்க தூங்கறதுக்குத்தானுங்கண்ணா," என்றேன். கோபத்தில் சொன்னதால்தான் வாய் வந்தது.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து கொண்டு சொன்னார். "சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. ராத்திரி பூரா மிஷினுக்கு நடுவுலதான நிக்கேன். அதுக்குள்ள நின்னுக்கிட்டே தூங்குதவன் நான். இது ஏறி ஏறி இறங்குதுல்லா, அதான் வெனை. அங்க நூலு அந்துட்டுன்னா மிஷினு நின்னுரும். சத்தம் கொறஞ்சா ஓடணும். இங்க படுத்திருக்கும்போ உன் மிஷினு அடங்குன ஒடனே, நூலு அந்துட்டுன்னு காலு தானா எந்திச்சிருது. நான் என்ன செய்ய?"

அவரை எழுப்பியது என் கணினியின் சத்தம் இல்லை. அது நின்ற பிறகு வந்த அமைதி. ஒவ்வொரு முறையும் விசிறி அடங்கியதும், அப்பாடா, இனி அவர் தூங்குவார் என்று நான் மூச்சு விட்ட அந்த நொடியில்தான் அவர் தூக்கம் கலைந்து எழுந்து நின்றிருக்கிறார்.

அன்றைக்கே பனியனைக் கழற்றினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் மறுபடி வந்தார். "அக்கா, இதுல ரெண்டுல ஒண்ணுதானுங்க. சத்தம் வேண்டாம்னா சூடு. சூடு வேண்டாம்னா சத்தம். எது வேணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார். வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்வியை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அடங்கி இருக்கிறாயா, வெளியே போகிறாயா? ரெண்டும் வேணுங்க என்று அவரிடம் சொன்னேன். சூடும் ஆகக் கூடாது, ஏறி இறங்கவும் கூடாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பெரிய விசிறியாகப் போட்டால் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும், கீச்சென்று கத்தாது, ஆனால் அதற்கான தகடுக் கூண்டு உயரம், பெட்டி மூடாது என்றார். மூட வேண்டாம் என்றேன். மூடாவிட்டால் பஞ்சு போகுமே என்றார். விளையாட்டு ஜெர்சிக்கு அடிக்கும் ஓட்டைத் துணியை எடுத்துக் காட்டினேன். காற்று போகும், பஞ்சு நிற்கும். வாரம் ஒரு முறை கழற்றி அலசிப் போட்டால் ஆயிற்று.

வேகத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான் பாக்கி. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ரொம்பக் குறைத்தால் பெரிய டிசைன் வரும்போது ப்ராசசர் கொதிக்கும். ரொம்பக் கூட்டினால் என் தலையே வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மாதா கோயிலுக்குப் போய் ஜெபம் முடித்து வந்ததும், அவர் கட்டிலில் அவரைப் படுக்க வைத்தோம். இருக்கிற டிசைன்களில் கனமானதைக் கணினியில் ஓட விட்டு, கடைக்காரர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். திரையின் மூலையில் சூடு எவ்வளவு என்று ஓர் எண் தெரிந்துகொண்டிருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"இது எப்படீங்கண்ணா?"

"வேண்டாம்மா, காதுக்குள்ள கொசு வந்த மாதிரி இருக்கு."

"இதுங்க?"

"இது பரவால்ல. ஆனா பல்லு கூசுது."

"இப்பங்க?"

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கடைக்காரர் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆளு குறட்டை விடறாருங்க" என்றார். சூட்டு எண்ணைப் பார்த்தோம். ஏறாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தது. அந்த வேகத்தையே வைத்துக்கொண்டோம்.

அது சத்தமில்லாத விசிறி இல்லை. மழை தூரத்தில் பெய்கிற மாதிரி ஒரு சத்தம் என் அறையில் எப்போதும் இருக்கும். ஆனால் அது ஏறாது, இறங்காது. சில நாளில் அண்ணனே வந்து, "கடைக்குப் போனாலும் அத அணைக்காதம்மா. நேத்து நீ அணைச்சுட்டுப் போய்ட்ட, நான் எந்திச்சுட்டேன்" என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுந்து குளிக்கப் போகும்வரை நான் அணைப்பதில்லை. என் மிஷினும் அதற்குப் பிறகு பாதியில் இருண்டதில்லை. யூனிட்காரர்கள் திரும்ப வந்தார்கள்.

ஓனர் மட்டும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. என் அறையை ஒரு கம்பெனியில் தங்கள் ஆட்கள் தங்கக் கேட்டிருக்கிறார்கள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி இருக்கும் அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைக்கலாம் அல்லவா. மாசம் பிறந்ததும் மத்தியான நேரத்தில் வந்து வாசலில் நின்றார். "நிறுத்தச் சொல்லி எத்தனை நாளாச்சுங் அம்மணி? இன்னும் ஓடிக்கிட்டே இருக்குது" என்றார். அவர் உள்ளே வந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அறை சட்டென்று அமைதியானது. அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் இழுபட்டது. கதவு அடித்துத் திறந்தது. அண்ணன் கலைந்த தலையும் பாதி கட்டிய லுங்கியுமாக, இன்னும் தூக்கம் தெளியாமல், வேலை செய்யும் ஷெட்டுக்குள் ஓடுவது போல ஓடி வந்தார். "எவம்ல மிஷின நிறுத்துனது?"

ஓனருக்கு முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "நீங்கதானுங்களே சத்தம்னு வந்து சொன்னீங்க?"

அண்ணன் அப்போதுதான் முழித்துப் பார்த்தார். லுங்கியைச் சரி செய்துகொண்டார். "சொன்னேன், இல்லன்னு சொல்லல. இப்பம் சத்தம் இல்லாமதான் எந்திச்சு நிக்கேன், பாத்தியள்ளா."

லைனில் இருந்த மற்றக் கதவுகளும் திறந்துவிட்டன. ஓனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, அப்படிங்களா. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா? தனியா இருக்கற பொம்பளைக்கு ரூம் குடுத்தது என்னோட தப்புங்" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்ன பேசினாலும் அது என் மேல்தான் விழும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பதில் சொல்ல அந்த இடத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. ஓனரின் முகத்தை நேராகப் பார்த்தேன். வந்தது வரட்டும் என்று பேசினேன்.

"தனியாத்தானுங்க இருக்கறேன். இனியும் தனியாத்தான் இருப்பேன். அதுல மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அந்தண்ணன் தூங்கறதுக்கு என்ன வேணுமோ அதைக் கேட்டு வெச்சிருக்கறேன். உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க, அதையுஞ் செய்யறேன். ஆனா இந்த மிஷின் ஓடும். அடுத்த மாசமும் ஓடும். நான் காலி பண்ண மாட்டேனுங்க."

குனிந்து பிளக்கை எடுத்துச் சொருகினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றத் தொடங்கியது. அவர் எதிரிலேயே என் நாற்காலியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற டிசைனைத் திறந்தேன். திரையில் என்ன இருந்தது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லா இருக்குதுங் உங்க ஞாயம்" என்று ஓனர் சொல்வதும், பிறகு செருப்பு மாட்டும் சத்தமும் கேட்டன. அண்ணன் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த மாசம் ஓனர் வந்தார், காம்பவுண்டு கேட் அருகில் நின்று என் அறையைப் பார்த்தார், போய்விட்டார். அதற்கு அடுத்த மாசமும் அப்படியே. பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

அண்ணன் வேலை செய்த யூனிட் பின்னால் அருள்புரத்துக்குப் போய்விட்டது. தங்குவதற்கும் அங்கேயே இடம் கொடுத்தார்கள். போகும்போது, "அங்க எல்லாவனும் போன்ல பாட்டுப் போட்டுக்கிட்டுக் கெடப்பான். உன் மிஷினு மாதிரி வராதும்மா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சத்தம் போடாதே என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். தங்களை எது எழுப்புகிறது என்று அவர்களில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்து, வெட்கப்படாமல் என்னிடம் வந்து சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அதற்குப் பிறகு யார் என்னை அடங்கச் சொன்னாலும், உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்காமல் நான் அடங்குவதில்லை.

அண்ணன் இருந்த அறையில் இப்போது இளம் வயதுப் பெண் ஒருத்தி குடி வந்திருக்கிறாள். ஒரு மில்லில் நைட் ஷிப்ட். அவளும் தனியாகத்தான் இருக்கிறாள். போன வாரம் என் வாசலில் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஃபேன் சத்தம் கொஞ்சம்..." என்று இழுத்தாள். முகத்தில் தூக்கமே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே வந்து உட்கார், காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"எப்பப் படுக்கறே, எந்தப் பக்கம் தலை வெக்கறே, எந்தச் சத்தத்துக்கு எந்திரிக்கறேன்னு சொல்லு கண்ணு. மிஷினை அந்தச் சுவத்துக்கு மாத்தோணும்னா மாத்தறேன். ஃபேனை வேற வெக்கோணும்னா வெக்கறேன். நீ தூங்கற வரைக்கும் பாத்து வெச்சுத் தர்றேன். ஆனா நிறுத்த மட்டும் சொல்லாத. அது நிக்காது."